கண்ணில் குறை என்றால் வயிற்றை ஏன் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள்?

மேலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். நாலு மாதப் பெண் குழந்தை. கண் முழுக்கக் கறுப்பாக இருக்கிறது, வாசலுக்குத் தூக்கிவந்தால் இறுக்கி மூடிக்கொள்கிறது, பார்வை ஓரிடத்தில் நிற்காமல் ஆடுகிறது. மதுரையில் காட்டியதில் அனிரிடியா, அதாவது கண்ணில் ஐரிஸ் என்ற வளையம் சரியாக வளராத பிறவி நோய், என்று சொல்லி, ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கண்ணுக்குக் காட்டப் போனால் வயிற்றுக்கு எதற்கு ஸ்கேன், கண்ணாடி போட்டால் சரியாகுமா, கிரகணத்தன்று வெளியே போனதால்தான் இப்படி என்று மாமியார் சொல்கிறார், மாமன் மகனைக் கட்டியதால்தான் என்று பெற்ற அம்மாவே சொல்கிறார், எது உண்மை என்பது அவர் கேள்வி.

தங்கச்சி, முதலில் அந்த ஸ்கேனை எடுத்துவிடுங்கள். கண்ணைப் பற்றி நிதானமாகப் பேசலாம், பேசுவதற்கு நிறைய இருக்கிறது, ஆனால் இந்த வாரம் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் அது வயிற்று ஸ்கேனாக இருக்கட்டும். காரணத்தைக் கீழே சொல்கிறேன். நான் 22 வருடமாகக் கண் பரிசோதனை வேலையில் இருப்பவள், பெரும்பகுதி குழந்தைகளோடு. இந்த நோயுள்ள பிள்ளைகளை விரல்விட்டு எண்ணும் அளவில்தான் பார்த்திருக்கிறேன். 40,000 முதல் 1,00,000 பிறப்புகளுக்கு ஒன்று என்பதுதான் பொதுவாகச் சொல்லும் கணக்கு. மதுரை மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பில் 30 லட்சம் பேருக்குக் கொஞ்சம் மேல். அப்படியென்றால் மாவட்டம் முழுக்கத் தேடினாலும் 30 முதல் 75 பேர்தான் இருப்பார்கள். உங்கள் ஊரில் யாரும் இதைக் கேள்விப்பட்டதில்லை என்பதில் ஆச்சரியமில்லை, பல டாக்டர்களே படிப்பில் ஒரு வரியாகப் பார்த்ததோடு சரி.

ஐரிஸ் என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். முகம் பார்க்கும் கண்ணாடியில் உங்கள் கண்ணைப் பாருங்கள். வெள்ளைக்கு நடுவே காப்பிப்பொடி நிறத்தில் ஒரு வட்டம், நம் பக்கத்து ஆட்களுக்குச் சட்டென்று கறுப்பாகவே தோன்றும், வெளிச்சம் பட்டால்தான் பழுப்பு தெரியும். அதுதான் ஐரிஸ். அதற்கு நடுவில் இன்னும் கறுப்பாக ஒரு சின்னப் புள்ளி. அது புள்ளியே இல்லை, ஓட்டை. அந்த ஓட்டைக்குத்தான் பாப்பா என்று பெயர். மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்து அரையிருட்டில் நின்றுவிட்டு நடுப்பகலில் ஆடி வீதிக்கு வந்து பாருங்கள், கல் தரையில் அடிக்கிற வெயில் முகத்தில் அறைந்த மாதிரி இருக்கும், கண் கூசும், நாலு எட்டு வைப்பதற்குள் சரியாகிவிடும். அந்த நாலு எட்டுக்குள் ஐரிஸ் தசை சுருங்கி ஓட்டையைச் சிறிதாக்கிவிட்டது. உங்கள் குழந்தைக்கு அந்த வளையம் வளரவில்லை. அதனால் ஓட்டை எப்போதும் பெரிதாகவே இருக்கிறது, கண் முழுக்கக் கறுப்பாகத் தெரிவதும் அதனால்தான். நமக்கு நாலு எட்டில் போகிற கூச்சம் அவளுக்கு வெயிலில் இருக்கிற வரைக்கும் போகாது. அவள் கண்ணை மூடுவது அடமோ பயமோ இல்லை.

அடியோடு ஐரிஸ் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. ஓரத்தில், வெளியே தெரியாத இடத்தில், ஒரு சின்ன விளிம்பு பெரும்பாலும் மிச்சம் இருக்கும். சிலருக்குப் பாதி வளையமே இருக்கும். அந்த விளிம்புதான் பிற்பாடு ஒரு தொல்லை கொடுக்கும், அதற்கு வருகிறேன்.

அனிரிடியா என்ற பெயருக்கு ஐரிஸ் இல்லாமை என்றுதான் அர்த்தம். எனக்கு இந்தப் பெயர் மேல் எப்போதும் ஒரு வருத்தம் உண்டு. பெயரைக் கேட்டதும் எல்லோரும் ஐரிஸைப் பற்றியே யோசிக்கிறார்கள், ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்டினால் தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். பார்வை குறைவதற்கு முக்கியமான காரணம் வளையம் இல்லாதது கிடையாது. கண்ணுக்குள் பின்பக்கம், விழித்திரையின் நடுவில் ஒரு சின்னக் குழி இருக்கும், கூர்மையான பார்வை முழுவதும் அந்தக் குழியில்தான், ஊசியில் நூல் கோர்ப்பது, பஸ் போர்டு படிப்பது எல்லாம் அதைக் கொண்டுதான். அனிரிடியா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் குழி சரியாக உருவாகியிருக்காது. கண் ஆடுவதும் அதன் தொடர்ச்சிதான், நிலைத்து நிற்க வேண்டிய இடம் பழுதானதால் கண் தேடிக்கொண்டே இருக்கிறது. இங்கே ஒன்று சொல்ல வேண்டும், நாம் பார்க்கத்தான் கண் ஆடுகிறது, பிறவியிலேயே இப்படி இருக்கும் பிள்ளைக்கு உலகம் ஆடித் தெரியாது. அதை நினைத்து அழாதீர்கள்.

ஆகவே கண்ணாடி போட்டால் சரியாகுமா என்பதற்கு என் பதில், கண்ணாடி தேவை, ஆனால் முழுதாகச் சரியாகாது. கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ இருந்தால் அதைக் கண்ணாடி ஈடுகட்டும், சீக்கிரம் போட்டால் இருக்கிற பார்வையாவது முழுசாக வளரும். குழியைக் கண்ணாடியால் உண்டாக்க முடியாது. இந்த நோயில் பலருடைய பார்வை 6/30-க்கும் 6/60-க்கும் நடுவில் நிற்கிறது. 6/60 என்றால், மற்றவர்கள் 60 மீட்டரிலிருந்து படிப்பதை இவர்கள் 6 மீட்டருக்குக் கிட்டே வந்து படிக்க வேண்டும். இதைவிட நன்றாகப் பார்ப்பவர்களும் உண்டு, குறைவாகப் பார்ப்பவர்களும் உண்டு. நாலு மாதக் குழந்தையை வைத்து எந்தப் பக்கம் போகும் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது, சொன்னால் நம்பவும் வேண்டாம்.

சரி, ஏன் வந்தது? நம் உடம்பின் 11-ஆவது குரோமோசோமில் பாக்ஸ்6 என்று ஒரு மரபணு இருக்கிறது. கண் உருவாக ஆரம்பிக்கும்போது யார் என்ன வேலை செய்ய வேண்டும் என்று உத்தரவு போடுகிற மேஸ்திரி மாதிரி அது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதி. இரண்டும் வேலை செய்தால்தான் கண் முழுசாக முடியும். இரண்டு கொத்தனார் செய்ய வேண்டிய வேலைக்கு ஒருவர் மட்டும் வந்தால் சுவர் எழும்பும், ஆனால் பூச்சு வேலை அரைகுறையாக நிற்கும் இல்லையா, அதேதான் இங்கும். ஒரு பிரதி பழுதானாலே போதும், நோய் வந்துவிடும். 1991-இல்தான் இந்த மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். 1995-இல் சுவிட்சர்லாந்தில் வால்டர் கெரிங் குழுவினர் பழ ஈயில் இதற்கு இணையான மரபணுவை வேறு இடங்களில் வேலை செய்ய வைத்துப் பார்த்தார்கள், ஈயின் இறகிலும் காலிலும் கண் முளைத்தது. எலியின் மரபணுவை எடுத்து ஈயில் வைத்தபோதும் ஈயின் கண்ணே முளைத்தது. ஈக்கும் எலிக்கும் நமக்கும் கண்ணைத் தொடங்கி வைக்கிற உத்தரவு ஒன்றுதான் என்பதை முதல் தடவை படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் மதுரை அரவிந்த் ஆராய்ச்சி மையத்திலும் தென்னிந்தியக் குடும்பங்களில் இந்த மரபணு எப்படியெல்லாம் பழுதாகிறது என்று ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆக இந்த ஊருக்குப் புதிய நோய் இல்லை.

இப்போது உங்கள் மாமியார் பேச்சுக்கு வருவோம். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் வெளியே போனது, பப்பாளி சாப்பிட்டது, போன் பார்த்தது, சத்து மாத்திரையை விட்டது, எதுவும் இல்லை. கரு உண்டாகும் நேரத்திலேயே முடிவாகிவிட்ட விஷயம் இது.

மாமன் மகனைக் கட்டியதும் காரணம் இல்லை. சொந்தத்தில் கட்டினால் சில பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்பு கூடும் என்பது உண்மைதான், அதெல்லாம் அப்பா அம்மா இருவரிடமும் மறைந்திருந்து பிள்ளையிடம் ஒன்று சேரும் வகை. அனிரிடியா அந்த வகையில் சேராது, ஒரு பக்கத்துப் பழுதே போதும் என்று சொன்னேன் அல்லவா. (மூளை வளர்ச்சிக் குறைவும் உடல் தள்ளாட்டமும் சேர்ந்து வரும் வேறொரு மிக அபூர்வமான வகை உண்டு, அதன் கதை வேறு.) இந்த நோயுள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு அப்பாவுக்கோ அம்மாவுக்கோ நோய் இருக்கும். மீதி மூன்றில் ஒரு பங்குப் பேரின் குடும்பத்தில் யாருக்கும் இருக்காது, புதிதாக ஏற்பட்ட மாற்றம். உங்கள் குழந்தை இரண்டாவது வகை போலத் தெரிகிறது. ஆனாலும் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் ஒரு தடவை கண்ணைக் காட்டிவிடுங்கள், லேசான அளவில் ஐரிஸ் மாற்றம் இருந்தும் ஆயுசு முழுக்கத் தெரியாமலே இருந்துவிட்ட பெற்றோர் உண்டு.

இனி வயிறு. பாக்ஸ்6 இருக்கிற அதே 11-ஆவது குரோமோசோமில், அதற்குப் பக்கத்து வீடு போல, டபிள்யூ.டி.1 என்று இன்னொரு மரபணு இருக்கிறது. சிறுநீரகம் ஒழுங்காக வளர்வதற்கும் அங்கே கட்டி வராமல் காப்பதற்கும் அது வேண்டும். குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாக அனிரிடியா வரும் பிள்ளைகளில் சிலருக்கு, பாக்ஸ்6-இல் ஒரு எழுத்துப் பிழை என்று நிற்காமல், அந்தத் தெருவே ஒரு துண்டாக அறுந்து போயிருக்கும். அப்போது இரண்டு வீடும் சேர்ந்து போய்விடும். இப்படி டபிள்யூ.டி.1-உம் போன பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சிறுநீரகத்தில் வில்ம்ஸ் கட்டி என்ற புற்றுநோய் வருகிறது, அதுவும் பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு முன்பே. கண், சிறுநீரகக் கட்டி, பிறப்புறுப்பு அல்லது சிறுநீர்ப் பாதையில் குறை, மனவளர்ச்சியில் தாமதம் இவை சேர்ந்து வருவதை வாகர் தொகுதி என்பார்கள். எல்லோருக்கும் எல்லாமும் வராது. பெண் குழந்தைக்கு ஸ்கேனில் கருப்பை, சினைப்பையையும் சேர்த்துப் பார்ப்பது அதனால்தான்.

புற்றுநோய் என்ற சொல்லைப் படித்ததும் கை நடுங்கும், தெரியும். ஆனால் குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் நன்றாகக் குணமாவதில் இதுவும் ஒன்று, சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டால். அதற்குத்தான் 3 மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன். ஊசி இல்லை, மயக்கம் இல்லை, கதிர்வீச்சும் கிடையாது, நீங்கள் மாசமாக இருந்தபோது எடுத்த அதே வகை. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து டாக்டர் வேண்டாம் என்று சொன்னாலொழிய, குழந்தைக்கு 8 வயது ஆகும்வரை இதை விடக் கூடாது.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பையனைக் கூட்டிவருவார்கள். முதல் ஸ்கேன் நன்றாக இருந்தது, இரண்டாவதும் நன்றாக இருந்தது, மூன்றாவதற்கு வரவில்லை. சித்திரையில் கல்யாணம், அப்புறம் நாற்று நடவு, ரெண்டு தடவையும் ஒன்றும் இல்லை என்றுதானே சொன்னார்கள் என்று விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, 3 மாதத்துக்கு ஒன்று, வருடத்துக்கு நாலு என்று யாரும் உட்கார்ந்து விளக்கியிருக்கவில்லை, ஒரு துண்டுச் சீட்டு மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பத்தா காலை நீட்டி உட்கார்ந்து பேரனை மேலே போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது இடது விலாவுக்குக் கீழே உருண்டையாக ஏதோ கையில் தட்டியிருக்கிறது. சாணி உருண்டை அளவு இருந்தது என்று அந்த அம்மாள் என்னிடம் கையைக் குவித்துக் காட்டினார். ஒரு சிறுநீரகத்தை எடுத்தார்கள், மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள், பிள்ளை தேறிவிட்டான், இப்போது ஆறாம் வகுப்பு. மூன்றாவது ஸ்கேனுக்கு வந்திருந்தால் இத்தனை பாடு இருந்திருக்காது என்பதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. நீங்களும் குளிப்பாட்டும்போது வயிற்றை லேசாகத் தடவிப் பாருங்கள், அழுத்தி அமுக்க வேண்டாம். சிறுநீரில் ரத்தம் போனாலும் வயிறு ஒரு பக்கம் உப்பினாலும் அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காதீர்கள்.

ஸ்கேனை எப்போது நிறுத்தலாம் என்பதை அந்த ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். பாக்ஸ்6-க்குள் மட்டும் எழுத்துப் பிழை, டபிள்யூ.டி.1 முழுசாக இருக்கிறது என்று வந்தால் கட்டி பயம் பெரும்பாலும் நீங்கிவிடும், டாக்டரே ஸ்கேன் வேண்டாம் என்பார். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. எழுத்து எழுத்தாகப் படிக்கும் பரிசோதனையில் ஒரு துண்டே அறுந்து போனது தெரியாமல் போகலாம். ஆகவே துண்டு இழப்பையும் பார்க்கிற பரிசோதனையா, அதாவது மைக்ரோஅரேயோ எம்.எல்.பி.ஏ.வோ சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மரபணு முடிவு கையில் வரும்வரை ஸ்கேன் தொடரட்டும்.

கண்ணுக்குப் பிற்பாடு வரக்கூடியவற்றையும் சொல்லிவிடுகிறேன். பெரியது கண் நீர் அழுத்த நோய். ஓரத்தில் மிச்சம் இருக்கும் அந்த ஐரிஸ் விளிம்பு நாளாக நாளாக மேலே ஒட்டிக்கொண்டு கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் பாதையை அடைத்துவிடும், அழுத்தம் ஏறும், பார்வை நரம்பு சத்தமில்லாமல் சாகும். இந்த நோயுள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஒரு வயதில் இது வருகிறது, பெரும்பாலும் பத்து வயதை ஒட்டியோ அதற்குப் பிறகோ. போன பார்வை திரும்பாது, ஆனால் முன்னாலேயே பிடித்தால் சொட்டு மருந்தாலோ ஆபரேஷனாலோ நிறுத்தி வைக்கலாம். சின்னக் குழந்தைக்கு அழுத்தம் ஏறினால் கண்ணே பெரிதாகும். "பிள்ளைக்கு எவ்வளவு பெரிய கண்ணு, எவ்வளவு அழகு" என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்ல ஆரம்பித்தால், கூடவே கண்ணில் நீர் வடிந்தால், கருவிழி, அதாவது கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல மூடியிருக்கும் கார்னியா, மங்கலாகத் தெரிந்தால், திருஷ்டி சுற்றிப் போட்டுவிட்டு அன்றைக்கே பஸ் ஏறுங்கள். அழுத்தம் பார்க்கும்போது கருவிழியின் தடிமனையும் அளக்கச் சொல்லுங்கள், இவர்களுக்குக் கருவிழி தடித்திருப்பது வழக்கம், அதனால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம்.

கண்புரை பலருக்குச் சின்ன வயதிலேயே கொஞ்சம் கொஞ்சமாக வரும். அதை எடுக்க அவசரப்படக் கூடாது, பார்வையை நிஜமாகவே மறைத்தால் மட்டும், இந்த நோயில் பழகிய கையாகப் பார்த்துத்தான். லென்ஸைச் சுற்றிய பை இவர்களுக்கு மெல்லியதாக இருக்கும்.

அதைவிட நான் கவலைப்படுவது கருவிழி. நம் கருவிழியின் மேல்தோல் உதிர உதிர, அதைச் சுற்றியுள்ள விளிம்பில் இருக்கும் ஸ்டெம் செல்கள் புதிய தோலை அனுப்பிக்கொண்டே இருக்கும். அனிரிடியாவில் அந்தக் கையிருப்பு குறைவு. வயது ஏற ஏறக் கண் வறளும், உறுத்தும், ஓரத்திலிருந்து ரத்தக் குழாய்கள் உள்ளே ஏறிக் கருவிழி மங்கும். கண் தானத்தில் கிடைக்கும் கருவிழியை மட்டும் வைத்துத் தைத்தாலும் நிற்காது, மேல்தோலைப் புதுப்பிக்கும் செல்லும் சேர்ந்து வேண்டும். அதனால் இன்றையிலிருந்தே அந்தக் கருவிழியைப் பத்திரமாகப் பாருங்கள். கண்ணுக்குள் தாய்ப்பாலை ஊற்றாதீர்கள், விளக்கெண்ணெய் வேண்டாம், நந்தியாவட்டைப் பூச்சாறு வேண்டவே வேண்டாம், கண்ணுக்குள் மை தீட்டாதீர்கள், மெடிக்கலில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் கூடாது. டாக்டர் நீண்ட நாளைக்குச் சொட்டு மருந்து எழுதினால் பிரிசர்வேட்டிவ் (மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்) இல்லாதது கிடைக்குமா என்று கேளுங்கள். தெப்பக்குளம் மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டிருந்தால் தாராளமாகச் சாத்துங்கள், நானும் சாத்தியிருக்கிறேன், கண்ணுக்குள் எதையும் ஊற்றாமல் இருந்தால் சரி.

செயற்கை ஐரிஸ் பற்றி யாராவது போனில் வீடியோ காட்டுவார்கள். அமெரிக்காவில் 2018-இல் அதற்கு அனுமதி கிடைத்தது உண்மை. ஆனால் அது கண்ணைத் திறந்து உள்ளே வைக்கும் ஆபரேஷன், அனிரிடியா கண்ணில் உள்ளே எதை வைத்தாலும் தழும்புத் திசு படர்ந்துவிடும் ஆபத்து உண்டு, அழுத்தமும் ஏறலாம். வெளிச்சக் கூச்சம் குறையலாம், குழி வரப்போவதில்லை. நகையை அடகு வைத்து ஓட வேண்டிய விஷயம் இப்போது இது கிடையாது. கலர் கான்டாக்ட் லென்ஸும் அப்படித்தான், பலவீனமான கருவிழி மேல் உரசும், டாக்டர் சொல்லாமல் வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. வெளியே தூக்கிப்போனால் குடை, முன்னால் நீண்ட விளிம்புள்ள தொப்பி, கொஞ்சம் வளர்ந்ததும் நிறம் ஏற்றிய கண்ணாடி. தொட்டிலை ஜன்னலுக்கு எதிரே கட்டாதீர்கள், வெளிச்சம் அவள் தலைக்குப் பின்னாலிருந்து வரட்டும். இருட்டறையிலேயே வைத்திருப்பதும் தப்பு, பார்த்தால்தான் பார்வை வளரும். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி, பளிச்சென்ற நிறத்தில் கிலுகிலுப்பை, இவற்றை முகத்துக்கு ஓர் அடி தூரத்தில் மெதுவாக ஆட்டுங்கள், கண் அதன் பின்னே போகிறதா என்று பாருங்கள். வளர வளரத் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்ப்பாள், அந்தக் கோணத்தில் கண் ஆட்டம் அவளுக்குக் குறைகிறது என்று அர்த்தம், நிமிர்த்திவிடாதீர்கள். திருமங்கலத்தில் ஒரு பெண்ணை டீச்சர் தினமும் தலையை நேராக வை என்று அதட்டி, பிள்ளை பள்ளிக்கூடம் போகவே பயந்துபோனாள். ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன், அடுத்த வாரமே முதல் பெஞ்சுக்கு மாற்றிவிட்டார்கள். உங்கள் மகளும் சாதாரணப் பள்ளியிலேயே படிக்கலாம். முதல் வரிசை, ஜன்னலுக்கு முதுகு, எழுத்தைப் பெரிதாக்கும் லென்ஸ், பெரிய எழுத்துப் புத்தகம், பரீட்சைக்குக் கூடுதல் நேரம். நல்ல கண்ணிலேயே, கண்ணாடி போட்ட பிறகும் 6/24-லிருந்து 6/60 அளவில்தான் பார்வை நின்றால் குறைந்தது 40 சதவீத ஊனம் என்று சான்றிதழும் அடையாள அட்டையும் கிடைக்கும். சிலர் அட்டை வாங்கக் கூச்சப்படுகிறார்கள், பெண் பிள்ளையாச்சே, நாளைக்குக் கல்யாணம் என்று. வாங்கி வையுங்கள், படிப்பிலும் வேலையிலும் அவளுக்குச் சேர வேண்டியது அது.

அவளுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு இந்த நோய் வர ஒவ்வொரு தடவையும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்கள் இருவர் கண்ணும் மரபணுவும் சரியாக இருந்தால் உங்களுக்கு அடுத்துப் பிறப்பதற்கு வாய்ப்பு ரொம்பக் குறைவு, அறவே இல்லை என்று சொல்ல முடியாது. அடுத்த குழந்தைக்கு யோசிக்கும் முன்னால் மரபணு ஆலோசனைக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்.

ஸ்கேன் முடிவு எல்லாவற்றையும் ஒரே பைலில் தேதி வாரியாக வையுங்கள், காலண்டரில் 3 மாதத்துக்கு ஒரு வட்டம் போட்டுவிடுங்கள், மாமியாரையே போடச் சொல்லுங்கள். மரபணு முடிவு வந்ததும் அதில் டபிள்யூ.டி.1 பற்றி என்ன எழுதியிருக்கிறது என்ற அந்த ஒரு வரியை மட்டும் எனக்கு எழுதுங்கள், டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று சேர்ந்து பார்ப்போம்.